வாஷிங்டனில் முன்னால் நடந்தவர்

தெய்வசிகாமணி தன் மனைவியை வாஷிங்டனில் தொலைத்துவிட்டார். லிங்கன் மண்டபத்துக்குள், அந்தப் பெரிய வெள்ளைக்கல் மனிதர் நாற்காலிக் கையில் கையூன்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில், சுவரில் செதுக்கியிருந்த இங்கிலீஷில் இரண்டு வரி படித்து, மூன்றாவது வரியில் பொறுமை போய், "சரி, பாத்தாச்சு, கெளம்பு" என்று பின்பக்கம் சொன்னார். பதில் வரவில்லை. திரும்பினார். சிவப்புத் தாடி வைத்த ஒருவன் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தான். அவளைக் காணோம். தூணுக்குத் தூண் பார்த்தார். ஒவ்வொரு தூணும் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். பின்னால் ஒரு குடும்பமே ஒளியலாம். ஒளிந்திருந்தது வேறு குடும்பம். எப்போதிலிருந்து இல்லை? அதுதான் தெரியவில்லை. அவள் வருவது அவருக்குக் கண்ணால் தெரிகிற சங்கதி இல்லை, காதால் தெரிகிற சங்கதி. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் பேசிக்கொண்டே வரும். பேச்சு வந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றும்போது முன்னால் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடைவீதி, ஆஸ்பத்திரி, திருச்செந்தூர்க் கடற்கரை, எங்கேயும் அவர் முன்னால், குரல் பின்னால். ஏரோப்ளேனில் மட்டும் பக்கத்துப் பக்கத்து சீட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். படியேறும்போது குரல் இருந்ததா? ஏதோ சத்தமாகச் சொன்னாள். என்ன சொன்னாள்? கேட்டால்தானே. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு.

வெளியே வந்து படியின் உச்சியில் நின்றார். கீழே நீளமாகக் குளம், குளத்தின் அந்தக் கோடியில் வானத்தைக் குத்தப்போகிற மாதிரி வாஷிங்டன் தூபி, அதற்கும் அப்பால் பாராளுமன்றத்தின் கும்மட்டம். நல்ல காட்சிதான். காட்சி பார்க்கிற நேரமா இது. மகள் கோமதி காலையிலேயே காரை விட்டு இறங்கும்போது சொன்னாள்: "ஆபீஸ்ல ஒரு மீட்டிங், முடிச்சிட்டு மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன். அம்மாவ விட்டுட்டு விறுவிறுன்னு போயிராதீங்கப்பா." "நான் எங்க போறேன்" என்றார். இப்போது போன் அவளிடம். தண்ணீர் பாட்டில் அவளிடம். கோமதியின் நம்பரும் அந்தப் போனுக்குள்தான். அவரிடம் இருப்பது தோள்பையில் புளிச்சோறு, இரண்டு பொட்டலம். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு ஆபீஸ் நம்பர். அதை இங்கே யாரிடம் கொடுத்து என்ன அடிக்க. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் தேங்க்யூ, நோ மீட். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு தூரம் போகமுடியும்? போவாள். சிரித்தவர்கள் எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள். எவளாவது வாங்க என்று கையைக் காட்டினால் காரில் ஏறி அவள் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். படியிறங்கினார். அடியில், ஓரமாக, மஞ்சள் பனியன் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம், ஊதுகுழல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ கச்சேரி. மேளப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நீலச் சுடிதாரும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு பெண்பிள்ளை சப்பணமிட்டு உட்கார்ந்து காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தது. வடக்கத்திக்காரி. என்ன ஒரு நிம்மதி பார் என்று எரிச்சலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்தார். மேலே ஏற முடியாமல் குளத்தங்கரையிலேயே நின்றிருப்பாள், வாத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு. அதுதான். வேறென்ன. குளக்கரைப் பாதையில், மரநிழலில், முன்னால் நடந்தார்.

தேடுவது அவருக்குப் புதிதல்ல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் அவர் வாயில், மைக் அவர் கையில். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர் சொன்னால் கிளம்பும். திருவிழாக் காலத்தில் பெண்டாட்டியைத் தொலைத்தவன் எல்லாம் அந்த மைக் ரூமுக்குத்தான் ஓடி வருவான். அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: என்ன கலர் சேலைய்யா? அவன் விழிப்பான். "சம்சாரம் என்ன கட்டியிருக்கான்னு தெரியல, நீரெல்லாம் என்னய்யா குடும்பம் நடத்துதீரு" என்று எரிந்து விழுவார். எத்தனை பேரை அப்படிக் கேட்டிருப்பார். என்ன கலர் சேலை? நடந்துகொண்டே கேட்டுக்கொண்டார். என்ன கலர்? காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள், கை மட்டும் தெரிந்தது, வளையல், டம்ளர். லிப்டுக்குள் அவர் மேலே மாறுகிற நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் முன் சீட்டு. இறங்கியதும் நடை. ஒரு தடவை கூடவா பார்க்கவில்லை. அரக்கு. அரக்குதான். இல்லை, அரக்கு திருச்செந்தூரில் கட்டியது, அலை வந்து முழங்கால் வரை நனைந்து, "ஏங்க கொஞ்சம் நில்லுங்க, கடலு இழுக்குது" என்றாள், அவர் முன்னால் போய்க்கொண்டே "பிடிச்சுக்கோ" என்றார், எதைப் பிடிப்பாள், அவள் தானாகச் சமாளித்து, சிரித்துக்கொண்டே வந்தாள். மாம்பழக் கலர்? அது கோமதி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு. பச்சை கோமதி கல்யாணத்துக்கு. பொட்டுப் பொட்டாக ஒன்று உண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு மத்தியானச் சோறு கொண்டுவருவாளே, மைக் ரூம் ஜன்னலில் தூக்குவாளி முதலில் தெரியும், அப்புறம் அந்தப் பொட்டு முந்தானை. பழைய சேலையெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, பெட்டியைத் திறந்து கொட்டின மாதிரி. இன்றைக்குக் கட்டின சேலை மட்டும் வரமாட்டேன் என்கிறது. எதிரே ஒரு சேலை வந்தது. இரண்டு எட்டு வேகமாக வைத்தார். முந்தானையை வலது பக்கம் போட்டிருந்தாள், குஜராத்திக்காரி. அவள் வணக்கம் போட்டாள். அவரும் போட்டுவிட்டு நடந்தார்.

குளத்தில் தூபி தலைகீழாக நின்றது. ஒரு வாத்து குறுக்கே நீந்தியதும் அது நெளிந்து, உடைந்து, மறுபடி சேர்ந்தது. இதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள்? இரண்டு நாளாக இந்த ஊரே அவருக்கு அந்தக் குரல் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளை மாளிகைக் கம்பி வேலி ஓரம் நின்று, "வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கவா இம்புட்டுக் கூட்டம்? நம்மூரு மில்லு மொதலாளி வீடு இதவிடப் பெருசு. என்ன, இங்க வெள்ள ஒழுங்கா அடிச்சிருக்காக" என்றாள். பாராளுமன்றத்துக் கும்மட்டத்தைப் பார்த்து, "இட்லிக் கொப்பரை மூடி. தூக்குனா நாலு ஊருக்கு ஆவி பறக்கும்" என்றாள். மியூசியத்தில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லைத் தொட்டுப் பார்க்க வரிசை. தொட்டுவிட்டு வந்து, "நெலாக் கல்லுன்னு என்னமோன்னு பாத்தேன். நல்லா அரைச்சு அரைச்சு வழுவழுத்துப்போன அம்மிதான்" என்றாள். இந்தத் தூபியைப் பார்த்ததும், "கொத்தனாரு பாதியில சண்டபோட்டுப் போயிருக்கான் பாருங்க, மேல வேற கல்லு" என்றாள். அண்ணாந்து பார்த்தால் உண்மைதான், கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். கோமதி விளக்கினாள்: பாதியில் வேலை நின்று வருஷக்கணக்கில் மொட்டையாகக் கிடந்ததாம், மறுபடி ஆரம்பித்தபோது வேறு இடத்துக் கல். படிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, திரும்பவில்லை. முன்னால் போகிறவன் சிரிப்பது பின்னால் வருகிறவளுக்குத் தெரியாது, அது ஒரு வசதி. எத்தனை வருஷச் சிரிப்பு அப்படி முன்பக்கமாகவே போய்விட்டது. எதிரே வந்தவர்கள்தான் பார்த்திருப்பார்கள், யாரோ ஒரு மனுஷன் தனியாகச் சிரித்துக்கொண்டு வருகிறான் என்று. சரி, இப்போது அவளுக்குப் பதிலாக நாமே சொல்லிப் பார்ப்போம். "ஊசியத் தண்ணியில முக்கி வச்சிருக்காக, துருப்பிடிக்காதா" என்று வாய்விட்டுச் சொன்னார். நன்றாகவே இல்லை. அவள் சொன்னால் வேறு மாதிரி இருந்திருக்கும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அரை டிராயர்க்காரன் காதிலிருந்த குமிழைக் கழற்றிவிட்டு, தன்னிடம் பேசினாரா என்று பார்த்தான். இல்லை போ என்று கையைக் காட்டினார்.

தண்ணீர். தண்ணீரில் விழுந்திருப்பாளோ? நின்று எட்டிப் பார்த்தார். ஒரு வாத்து தண்ணீருக்குள் தரையில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான் ஆழம். பயந்ததற்கு அவருக்கே வெட்கம். ஆனால் பயம் ஓர் இடத்தில் இடம் இல்லை என்றால் அடுத்த இடத்தில் உட்காரும். தலை சுற்றி ஏதாவது ஒரு பெஞ்சில் சாய்ந்திருந்தால்? பசி தாங்கமாட்டாள், சோறு இங்கே அல்லவா இருக்கிறது. போலீஸ்காரனிடம் சொல்லலாம், அவனும் அதைத்தானே கேட்பான், என்ன கலர். போலீஸ் அம்மா ஒருத்தி குதிரைமேல் தூரத்தில் போனாள். கூப்பிட வாயெடுத்தார், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் குதிரை போய்விட்டது. குளத்தின் கோடி வந்துவிட்டது. நீரூற்றுகள் பொங்கிக்கொண்டிருந்தன, ஆட்கள் விளிம்பில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை தண்ணீரை அறைந்து அறைந்து சிரித்தது. ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனார். மெட்டி போட்ட கால் ஒன்றும் இல்லை. கால் தெரியும் அவருக்கு, அதில் சந்தேகமே இல்லை, இரண்டாவது விரல் கொஞ்சம் நீளம். சேலை தெரியாது, கால் தெரியும். என்ன மனுஷன். இப்படியே ஊருக்குத் தனியாகப் போய் இறங்கினால்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் ஒன்றும் கேட்காது, செருப்புச் சத்தம் மட்டும், தன் செருப்புச் சத்தம். பின்னால் ஆளில்லாதவன் முன்னால் போகிறான் என்று எப்படிச் சொல்வது. சும்மா போகிறான், அவ்வளவுதான். அந்த நினைப்பை அங்கேயே வெட்டினார். திரும்பி நடந்தார், வேகமாக, வந்த பாதையிலேயே. தூரத்தில் மண்டபத்துப் படியில் மேளம் ஆரம்பித்திருந்தது. நல்ல மேளம். கால் தானாக அதன் கணக்கில் விழுந்தது. கால் அப்படி நடக்க, மனசு இப்படிப் பதற, இரண்டும் ஓர் ஆளுக்குள்தான் நடக்கிறது என்பது அவருக்கே வேடிக்கையாக இருந்தது.

மேளம் நடுவில் நின்றது. மைக்கில் யாரோ ஒரு பெண்மணி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அப்புறம், ஊ, ஊ என்று யாரோ மைக்கில் ஊதுகிற சத்தம். "இது கேக்குதா?" என்றது மைக். தமிழ். குளத்தின் மேல், தூபி வரைக்கும், தமிழ். இரண்டு வாத்து எழும்பிப் பறந்தன. அவர் நின்ற இடத்தில் நின்றார். அந்தக் குரலை முன்பக்கமிருந்து கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. "ஏங்க. இந்தாங்க. எங்க இருக்கீக?" சத்தம் நின்றது. "கோமதி அப்பா." மறுபடி நின்றது. அந்த நிற்பு அவருக்குத் தெரியும். மைக் ரூமுக்குப் பெண்பிள்ளைகளும் வருவார்கள், புருஷனைத் தொலைத்துவிட்டு. பேர் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஒருத்தி சுவரில் தொங்கும் முருகன் காலண்டரைக் காட்டுவாள், ஒருத்தி ஜன்னல் வழியாக மலையைக் காட்டி 'அதுதான் பாதிப் பேரு' என்பாள். "பேரச் சொல்லும்மா, நான் என்ன மலையேன்னா கூப்புட" என்று கத்துவார். வீட்டில் வந்து அதைச் சொன்னால் அவள் அடுப்படியிலிருந்து, "புருசன் பேர எப்பிடிச் சொல்லுவா? மைக்கு வச்சிருக்கவருதான் கண்டுபிடிக்கணும்" என்பாள். இப்போது மைக் அவளிடம். இங்கிலீஷ்காரி ஏதோ மெதுவாகக் கேட்கிறாள், "இருங்கம்மா, சொல்லுதேன்" என்று இவள் அவளிடம் சொல்வதும் மைக்கில் வருகிறது. குளக்கரையில் நடந்தவர்கள் நின்று மண்டபத்தைப் பார்த்தார்கள். ஓடினவன் கூட நின்றான். மூச்சு ஒன்று பெரிதாக இழுக்கிற சத்தம். "தெய்வசிகாமணி." சிறிசாக வந்தது, அவளுக்கே திக்கென்று இருந்திருக்கும். இடி விழவில்லை போலிருக்கிறது, மறுபடி, இந்தத் தடவை முழுத் தொண்டையில், "மு. தெய்வசிகாமணி எங்க இருந்தாலும் ஒடனே வாங்க. செருப்புக்கிட்ட உக்காந்திருக்கேன்." வாஷிங்டன் நகரத்தில் அவர் பேர் போய் எங்கெங்கோ இடித்துத் திரும்பி வந்தது. அம்மா கூப்பிட்டிருக்கிறாள், வாத்தியார் கூப்பிட்டிருக்கிறார், டிப்போ மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். இத்தனை நீளமான பேர் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கை தானாக மேலே போயிருந்தது. இவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும், இருந்தாலும் தூக்கினார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். எத்தனையோ பஸ்ஸை விரட்டிவிட்டவர், தான் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் வழி விட்டார்கள். புளிச்சோறு இடுப்பில் இடித்தது.

படியடியில் போய் நின்றபோது மஞ்சள் பனியன் பிள்ளைகள் கை தட்டினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நீலச் சுடிதாரும் வெள்ளைத் தொப்பியுமாக வடக்கத்திக்காரி நின்றிருந்தாள். தொப்பிக்குக் கீழே அவள் முகம்.

"நீயா?" என்றார், மூச்சு வாங்க.

"பின்ன யாரு?"

"சேலை எங்க?"

"காலையிலயே இதான போட்டிருக்கேன். நடக்கத் தோதா இருக்கும்னு கோமதி குடுத்தா. லிப்டுக்குள்ள உங்க எதிர்லதான நின்னேன்."

"இங்க என்ன செஞ்ச?"

"செருப்புக்குக் காவலு. சாமியில்லேன்னாலும் இம்புட்டுப் பெரிய மனுசன் முன்னால செருப்போடயா போறது? நீங்க மொதல்ல பாத்துட்டு வாங்க, அப்பறம் நான் போறேன்னு அம்புட்டுக் கத்துனேன். ஒங்க செருப்ப வேற காணும், களவு போயிருச்சாக்கும்னு இந்தப் பெட்டிக்கெல்லாம் அடியில தேடுனேன்."

அவர் தன் காலைப் பார்த்தார். பூட்ஸ் போட்டபடியே மேலே போய், போட்டபடியே வந்திருந்தார்.

"எறங்கி வந்தீக, மொறச்சு ஒரு பார்வ பாத்தீக, அப்பிடியே போயிட்டீக. என்ன கோவம்னு எனக்கு வெளங்கல. கோமதிக்கு அடிச்சா எடுக்கல."

"வடக்கத்திக்காரின்னு நெனச்சேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். தொப்பி விழுந்தது. என்ன சிரிப்பு என்று தெரியாமலே பிள்ளைகளும், மைக்கை வாங்கிக்கொண்ட அந்த டீச்சர் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எதிரே இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா? மேல்வரிசையில் ஒரு பல் லேசாகச் சாய்ந்திருந்தது. எப்போதிலிருந்து அப்படி, ஆரம்பத்திலிருந்தேவா? கேட்கலாம். கேட்டால் அதற்கு ஒரு பேச்சு வரும். அவருக்கும் வாய் கோணியது. மறைக்க முன்பக்கம் என்று ஒன்று இல்லை, முன்பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

"பேரச் சொல்லிட்ட" என்றார்.

"கோமதி அப்பான்னா இந்தக் கூட்டத்துல எத்தன பேரு இருப்பாகளோ. அந்தம்மாவும் பேரு பேருன்னு கேட்டா. சொன்னேன். தப்பா?"

"மைக்கக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கணும். ரொம்பக் கிட்ட வச்சா எரைச்சல் வரும்."

"அடுத்த தடவ தள்ளிப் பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "இருங்க. நான் போயி அவரப் பாத்துட்டு வாரேன். செருப்பப் பாத்துக்கிடுங்க. நேரமானாலும் எந்திரிக்கக் கூடாது."

வெறுங்காலோடு ஏறினாள். அவர் மேளப்பெட்டிக்குப் பக்கத்தில், அவள் பூட்ஸ் ஜோடிக்குக் காவலாக, சப்பணமிட்டு உட்கார்ந்தார். நீலம். நல்ல நீலம், சங்குப்பூவின் நீலம். வெள்ளைப் படியில் நீலம் போகிறது, மேலே மேலே, வேகமாகத்தான் ஏறுகிறாள், இத்தனை வேகம் இருக்கிறவள் இத்தனை வருஷம் எதற்குப் பின்னால் வந்தாள். தூண்களுக்கு நடுவே ஒரு தடவை திரும்பி, அவர் இருக்கிறாரா என்று பார்த்தாள். அவர் பூட்ஸைத் தொட்டுக் காட்டினார். உள்ளே போய்விட்டாள். என்ன சொல்லுவாள் அந்தக் கல் மனிதரைப் பார்த்து? வந்து சொல்லட்டும். அவசரம் ஒன்றுமில்லை. மேளம் மறுபடி ஆரம்பித்தது, பக்கத்திலேயே, நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கிற மாதிரி. மே மாத வெயில் முதுகில் இதமாக இருந்தது. பூட்ஸுக்குள் செருகியிருந்த போன் அடித்தது.

"அப்பா, என்னப்பா இது, இத்தன மிஸ்டு கால்? அம்மா எங்க?" கோமதி பதறினாள்.

"மேல போயிருக்கா. நான் செருப்புக்கிட்ட."

"என்ன ஆச்சு?"

"தொலைஞ்சு போயிட்டேன்."

"நீங்களா? அய்யோ, எவ்வளவு நேரம்? அப்பறம் யாருப்பா கண்டுபிடிச்சா, போலீசா?"

மேளச் சத்தத்தில் மகள் காதுக்கு எட்ட வேண்டுமே என்று, பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர்ப்பேர் சொல்கிற அதே தெளிவோடு, அவள் அம்மா பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"போலீசு இல்ல. செண்பகவல்லி."